பால் பாட்டுக்குக் கடைசி அடி ஒன்று உண்டு

கசார்வாடியில் ரயில் பாதையை ஒட்டி ஒன்றரை அறை வீடு ஒன்று கட்டினேன். ஒரு ஜோடி பம்பை, இரண்டு உடுக்கை, கைச்சிலம்பு ஆகியவற்றை என் கையாலேயே செய்தேன். சிலம்புக்குள் இருக்கும் குண்டுகள்கூட நான் ஒர்க்‌ஷாப்பில் பொறுக்கிய பழைய பேரிங் குண்டுகள்தான். ஓட்டை ஆர்மோனியம் ஒன்றை வாங்கித் துருத்தி மாற்றிப் பேச வைத்தேன். நாயனம், கிளாரினெட், டோல்கி, மராட்டிக்காரர்கள் வைத்திருக்கிற துண்டுணே என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியம் எல்லாம் வாசித்தேன். நானூறு பாட்டுக்கு மேல் கட்டினேன். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். இவ்வளவுக்கும் நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பில் பாதி வரைக்கும். மிச்ச எழுத்தைப் பீடிக் கட்டிலும் தீப்பெட்டியிலும் கூட்டிப் படித்துக்கொண்டேன். பூனாவில் தமிழ்ப் பாட்டா, யார் கேட்பார்கள் என்று சிரித்தவர்கள் அத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்திலும் நான்தான் பாடினேன்.

நம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளரம்மா ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் போதும் என்றார். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் நான் இல்லை. இதைத் தட்டச்சு செய்கிறவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நடுவில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியை மட்டும் வெட்டாதீர்கள். கடைசியை வெட்டியதால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

இப்போது எல்லார் போனிலும் ஓடுகிற பால் பாட்டு என்னுடையது. அதன் அடியில் 'நாட்டுப்புறப் பாடல், இயற்றியவர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். தெரியவில்லையாம். நான் கசார்வாடியில் உயிரோடுதான் இருக்கிறேன். தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடமாகிறது. குரல் போய்விட்டது, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. பேச முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆரணிப் பக்கத்திலிருந்து பதிமூன்று வயதில் வந்தவன் நான். ஸ்பிரிங் செய்கிற ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே பிரஸ் மெஷின் அடிக்கிற அடிதான் எனக்கு முதல் தாளம். அதன் மேல் வாயில் வந்ததைப் பாடுவேன். பக்கத்து மெஷின் மராட்டிக்காரன் "அரே காய் ஆவாஜ் ஆஹே!" என்ன குரல்டா என்று தோளில் அறைவான். ஐந்தாறு வருடம் இப்படிப் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஏழுமலை மாமாவைப் பற்றி. தளவாடத் தொழிற்சாலையில் பெயிண்டர். லீவு நாளில் எங்கள் பம்பைக் குழுவுக்குத் தலைவர். உறவு ஒன்றுமில்லை, எல்லாருக்கும் மாமா. அவர் திட்டி நான் கேட்டதில்லை. தப்பாக அடித்தால் பக்கத்தில் வந்து, ஓடிக்கொண்டிருக்கிற நம் உடுக்கையின் தோல் மேல் கட்டைவிரலை வைப்பார். சத்தம் செத்துவிடும். விரலை எடுக்கும்வரை நாம் அப்படியே நிற்க வேண்டும். பெயிண்ட் காய்ந்த அந்தப் பச்சை நகத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கை நின்றுபோகிறது.

முதல் பாட்டைக் கட்டிக்கொண்டு போய் அவரிடம் பாடிக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"பேரு வெச்சியா?"

"இன்னாத்துக்கு மாமா பேரு? நான் இன்னா சினிமாக்காரனா?"

"ஒரு வூட்டுக் கதவத் தட்றே. உள்ளேருந்து யாருன்னு கேக்கறாங்க. நீ பதிலு சொல்லாத நிக்கறே. இன்னா பண்ணுவாங்க?"

"திட்டுவாங்க."

"உயிரோட கீறவங்க திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி அழைப்பு என்று ஒன்று உண்டு. வீட்டில் கல்யாணம் வந்தால், அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணைத் தண்ணீர்க் கரையில் பம்பை அடித்துக் கூப்பிடுவார்கள். வீட்டுப் பெண்கள் யாராவது ஒருத்தி மேல் அவள் வந்து பேசுவாள். பிறகு ஆற்றுத் தண்ணீர் நிறைத்த சொம்பில் அவளை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். அவள் வாழ்த்திய பிறகு திருப்பி அனுப்புவார்கள். அனுப்புகிற பாட்டுக்கு மலையேத்து என்று பெயர்.

மற்ற குழுக்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டைப் பாடிப் பேரை மட்டும் மாற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப் பாட்டுக் கட்டியவன் பூனாவிலேயே நான் ஒருத்தன்தான். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. அழைப்புக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டுக்குப் போவேன். ஐந்து கேள்வி கேட்பேன். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்? கடைசியாக என்ன சேலை கட்டியிருந்தாள்? எதற்குச் சண்டை போட்டுச் சாப்பிடுவாள்? காலையில் கண் விழித்ததும் யாரைக் கூப்பிடுவாள்? கடைசியாக வாசல் தாண்டும்போது என்ன சொன்னாள்? இந்த ஐந்தும் பாட்டில் வர வேண்டும். ஆறாவதாகக் கடைசி அடியில் என் பேர் வர வேண்டும். கூப்பிட்டவன் இன்னான், போகச் சொல்கிறவனும் அதே இன்னான் என்று. அது பெருமைக்கு வைக்கிற பேர் இல்லை. எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேர் வந்தவளுக்கு அடையாளம்.

இன்னும் இரண்டு விதி மாமா வைத்திருந்தார். ஆரம்பித்த பாட்டை மலையேத்து வரை நிறுத்தக் கூடாது. ஒரு வீட்டுப் பாட்டை அந்த வீட்டுக்கு வெளியே பாடக் கூடாது.

பழைய சாங்வியில் கோவிந்தன் என்று ஒருவர். எங்கள் ஆரணிக்காரர், கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவருடைய முதல் மனைவி கனகவல்லி பவனா ஆற்றில் துணி துவைக்கப் போய்க் கால் வழுக்கி இறந்தவள். அப்போது மகள் ரேவதிக்கு ஒன்றரை வயது. பிறகு வந்த சாந்தாதான் அவளை வளர்த்தாள். ரேவதி சாந்தாவை அம்மா என்பாள். செத்தவளை, அக்கம்பக்கத்து மராட்டிப் பிள்ளைகளைப் போல, ஆயி என்பாள். அந்த ரேவதிக்குக் கல்யாணம் வந்தது. என்னை அழைத்தார்கள்.

நான் கேள்வி கேட்கப் போன அன்று ரேவதி வேலையிலிருந்து பாதியில் வந்து ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, ஆயி கரோகர் வருவாங்களா? நிஜமா?"

"நான் கூப்ட்டு வராத ஆளே இல்லமா."

சாந்தா சாயா கொண்டுவந்து வைத்தாள். "வந்தா என்னப் பாத்துக் கோச்சிக்குவாங்களாண்ணா? அவங்க வூட்ல அவங்க எடத்துல கீறேன்" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

கோவிந்தன் நாலு கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னார். கூப்பிடுவது கனகா. மஞ்சள் சேலை. கருவாட்டுக் குழம்பு என்றால் சண்டை. கண் விழித்ததும் குழந்தையைக் கூப்பிடுவாள். ஐந்தாவது கேள்விக்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "கொயந்தையப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனா" என்றார்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழியிலேயே பாட்டைக் கட்டிவிட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனவளே என்று வருகிற இடத்தில் கல்லும் கரையும் என்று எனக்கு நிச்சயம்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளை. சாங்வி படித்துறையில் ஈ காக்கை இல்லை. ஆறு முழுக்க ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தூரத்துப் பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மாமா வைக்கோல் கொளுத்திப் பம்பைத் தோலைக் காய்ச்சினார். காது வைத்துக் கேட்டார். அவருக்கு அது கடைசி அழைப்பு, வயதாகிவிட்டது. நான் உடுக்கை எடுத்தேன். ரேவதி சொம்போடு முன்னால் நின்றாள். அவள் மேல்தான் வரும் என்று எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோவிந்தன் அவளுக்குப் பக்கத்தில். சாந்தா மேல் படியில் பூத்தட்டோடு, யார் வழியிலும் குறுக்கே வராமல், குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சள் சேலை பாடினேன். கருவாட்டுக் குழம்பு பாடினேன். கடைசிச் சொல்லுக்கு வந்தேன். கொயந்தையப் பாத்துக்கச் சொல்லிப் போனவளே என்று இழுத்தேன்.

"நான் அப்டிச் சொல்லல."

பின்னாலிருந்து வந்தது. ஆட்டம் இல்லை, முடி அவிழவில்லை, உறுமல் இல்லை. கடையில் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தால் சொல்வோமே, அந்தக் குரல். திரும்பிப் பார்த்தால் சாந்தா. குடையைப் பிடித்தபடியே நிற்கிறாள். முப்பது வருடமாக அருள் வந்தவர்களைப் பார்த்தவன் நான். பயந்தது அன்றைக்குத்தான்.

மாமா அடியை நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் தணித்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கேள் என்று அர்த்தம்.

"இன்னாமா சொன்னே அப்போ?"

"அடுப்பு மேல பாலு கீது. பொங்கறதுக்குள்ள வந்துடறேன், பாத்துக்கோ. அதான் சொன்னேன்." கோவிந்தன் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றாள்.

கோவிந்தன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் திறந்தவெளி ஆற்றங்கரையில், பூ வாசத்துக்கும் கற்பூர வாசத்துக்கும் நடுவில், பால் தீய்ந்த நாற்றம் அடித்தது. நான் சாந்தாவின் காலைப் பார்த்தேன். அவள் நின்ற படி காய்ந்து கிடக்கிறது. அவள் சேலை மட்டும் முழங்கால் வரை நனைந்து, ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

பாட்டை நிறுத்தக் கூடாது. நான் பாட்டுக்காரன். அந்த நிமிடமே என் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் சொன்னதைப் பாட்டில் ஏற்றினேன்.

அடுப்பு மேல பாலிருக்கு, பொங்குமுன்னே வந்துடறேன்.

நீங்கள் எல்லாரும் இன்றைக்குப் போனில் திரும்பத் திரும்பக் கேட்கிற வரி இதுதான். மெட்டு என்னுடையது. வரி என்னுடையது இல்லை. நானூறு பாட்டுக் கட்டியவன் சொல்கிறேன், இதற்கு ஈடாக ஒரு வரி எனக்கு வாய்க்கவில்லை.

ரேவதி சொம்பில் தண்ணீர் மொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நைட் ஷிப்ட் முடிச்சி வந்து படுத்துட்டேன் வேலா. கண்ண முழிச்சா வூடெல்லாம் பொகை, சட்டி கருகிப் போச்சி, கொயந்த அழுவுது. பாலு வெச்சிட்டு எங்க போயி பேசிகினு கீறான்னு கோவம். அந்தக் கோவத்துல மத்தியானம் வரைக்கும் நான் தேடிப் போவல. இத்த நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

"சாந்தாகிட்ட?"

"சாந்தாகிட்டயும் இல்ல."

வீட்டில் படையல் போட்டோம். ரேவதி அடுப்பில் பால் வைத்தாள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பால் நுரைத்து மேலே வந்தது. விளிம்பு வரை வந்து அங்கேயே நின்றது. தீ எரிகிறது, பால் பொங்கி வழியவில்லை. யாரோ ஊதிக்கொண்டிருப்பது போல நுரையின் நடுவில் ஒரு பள்ளம். ரேவதிதான் கடைசியில் அழுதுகொண்டே சட்டியை இறக்கினாள். அப்போது நான் மலையேத்துப் பாடினேன்.

ஆரணி வேலாயுதம் அழைச்சேனே கனகவல்லி
அழைச்ச குரல் கேட்டு வந்தே, அந்தக் குரல் கேட்டுப் போ
பால் எறக்கி வெச்சாச்சு, பாப்பாவும் வளந்தாச்சு
வேற குரல் போகச் சொன்னா போகாதே, கேளாதே
வேலாயுதம் சொல்றேன் போ.

சாந்தா "இன்னா, எல்லாரும் என்னயே பாக்கறீங்க?" என்று கேட்டாள். சேலை நனைந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. போகும்போது மாமா என் உடுக்கை மேல் கட்டைவிரலை வைத்தார். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லையே என்று பார்த்தேன். "இத்த இந்த வூட்டோட வுட்ரு" என்றார். அடுத்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ரேவதி கல்யாணமாகி ஔந்துக்குப் போனாள். வருடா வருடம் ஆயியின் திதி அன்றைக்குப் பால் வைப்பாள். விளிம்பு வரை வந்து நிற்கும், வழியாது. எனக்குப் போன் செய்து, "மாமா, ஆயி பாத்துக்கிட்டாங்க" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் முகமே நினைவில் இல்லாத தாயோடு அவளுக்கு அந்த ஒரு நாள்தான் உண்டு.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

கார்த்திக் என்று ஒரு பையன், கோயம்புத்தூர்க்காரன், சாப்ட்வேரில் பெரிய வேலை. ஏழாவது மாடி பிளாட்டில் ஒரு அறை முழுக்க மைக்கும் கம்பியும் வைத்திருந்தான். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என்னைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தான். அவன் மனைவி நிவேதிதாவும் வந்தாள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன்.

"அங்கிள், நீங்க அத்தனை வாத்தியமும் தனித்தனியா வாசிங்க. நான் ஒண்ணா சேத்திக்கறனுங்க. ஒரே ஆள் முழுக் குழு மாதிரி இருக்கும். உங்க பெஸ்ட் பாட்டு எதுங்க?"

அந்தக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு சாமி பாட்டோ கல்யாணப் பாட்டோ பாடியிருக்கலாம். என்னிடம் நானூறு இருந்தது. ஆனால் பெஸ்ட் என்று கேட்டுவிட்டானே. கட்டைவிரல் வைக்க ஆளும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கனகவல்லியைக் கூப்பிட்டேன்.

பால் வரி வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிவேதிதா மூக்கைச் சுளித்து எழுந்து சமையலறைக்கு ஓடுவது தெரிந்தது. திரும்பி வந்து கையை விரித்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை. விடாமல் மலையேத்து வரை பாடி, என் பேரை இரண்டு தடவை அழுத்திச் சொல்லி முடித்தேன். நாற்றம் விளக்கை அணைத்த மாதிரி நின்றது. சரி, போய்விட்டாள், பிழைத்தோம் என்று இறங்கி வந்தேன்.

அதற்கடுத்த மாதம் தொண்டையில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்ததில் பாட்டை மறந்தே போனேன். ஒருநாள் டப்ரிக் கடையில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன், கடைக்காரன் போனில் என் உடுக்கை அடிக்கிறது. என் உடுக்கை எனக்குத் தெரியாதா? என் குரல் கனகவல்லியைக் கூப்பிடுகிறது. மஞ்சள் சேலை, குழம்பு, பால் வரி. பால் வரி முடிந்ததும் மலையேத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி கூப்பிட்டது. மறுபடி.

"காகா, ஹே பகா, எவ்டே லோக் பகதாத்!" எத்தனை பேர் பார்க்கிறார்கள் பாருங்கள் என்று கடைக்காரன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மொழி தெரியாத சனமெல்லாம் அடுப்பில் பால் வைத்து, இந்தப் பாட்டை ஓடவிட்டு, பாடி முடிவதற்குள் பொங்குகிறதா என்று படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பொங்கி வழிந்தது. சிரித்தார்கள். ஒரு படத்தில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அதிலும் வழிந்தது. அது தந்திரம் என்று கீழே எழுதியிருந்தார்களாம்.

அன்றைக்கே கார்த்திக் வீட்டுக்குப் போனேன். தொண்டையில் காற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு சண்டை போட முடியும்? காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: கடைசி அடி எங்கே, என் பேர் எங்கே?

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள்" என்றான் கார்த்திக். "கடைசில ஸ்லோ ஆகுதுங்க. அப்பறம் உங்க பேரு ரெண்டு தடவை வருது. கேக்கறவங்களுக்கு, அது வந்து... சொந்த விளம்பரம் மாதிரி இருக்குதுங்க. மரபுப் பாட்டுன்னு போட்டாத்தான் ஒரு மரியாதை."

நான் எழுதினேன்: அனுப்பாமல் விட்டால் அவள் எங்கே போவாள்?

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். நிவேதிதா சிரிக்கவில்லை.

"கார்த்தி, நம்ம வீட்ல பால் வாங்கறத நிறுத்தி மூணு மாசம் ஆச்சு" என்றாள்.

"அதான் சொன்னேனே, கீழ் வீட்ல இருந்து வர்ற வாசம்."

"கீழ் வீட்ல ஆள் இல்ல. பூட்டிக் கெடக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான். முழுப் பாட்டும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றான். லிப்ட் வரை கொண்டுவந்து விட்டான். யோசித்துக்கொண்டே இருக்கிறான்.

இந்த வருடத் திதிக்கு ரேவதி போன் செய்யவில்லை. மறுநாள் நேரில் வந்தாள். வலது கையில் கட்டு. பால் பொங்கி வழிந்து கை வெந்திருந்தது.

"வரல மாமா."

நான் அவளை உட்கார வைத்தேன்.

"வரல. எப்படி வருவாங்க? பூரா ஜனம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ஒரு வீட்டுக்குப் போறதுக்குள்ள அடுத்த வீடு. பொங்கறதுக்குள்ள வந்துடறேன்னு சொன்னவங்க மாமா அவங்க, எத்தனை அடுப்புக்குன்னு ஓடுவாங்க? ஆயி பாவம்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீங்கதானே கூப்பிட்டீங்க. போகச் சொல்லுங்க."

அவளைக் கூட்டிக்கொண்டு அதே படித்துறைக்குப் போனேன். அதே உச்சி வேளை. உடுக்கையை எடுத்து மலையேத்துப் பாட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஆகாயத்தாமரை மேல் ஒரு நாரை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாடறேன் மாமா என்று ரேவதி தனக்குத் தெரிந்த தமிழில் திக்கித் திக்கிப் பாடினாள். தீய்ந்த வாசம் குறையவில்லை, கூடியது. ஏன் என்று எனக்குத் தெரியும். வேற குரல் போகச் சொன்னா போகாதே என்று கட்டியவன் நானேதான். என் வீட்டுக் கதவுக்கு நானே போட்ட பூட்டு அது. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

திரும்பும்போது ரேவதி காலடியைப் பார்த்து நின்றுவிட்டாள். கரையிலிருந்து மேலே ரோட்டு வரைக்கும் ஈரக் கால் தடம். எங்களுடையது இல்லை, நாங்கள் செருப்புப் போட்டிருந்தோம். ரோட்டில் ஏறிய இடத்தில் தடம் நாலு பக்கமும் சிதறி, ஒரு பக்கமும் போகத் தெரியாமல் சுற்றிச் சுற்றிக் காய்ந்திருந்தது.

அதனால் கேட்கிறேன். இது கெஞ்சல் இல்லை, எனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறேன். அனுப்ப வேண்டிய குரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, கார்த்திக்கின் டிஸ்க்கில். வெட்டிய பாட்டை எடுத்துவிட்டு முழுப் பாட்டைப் போடட்டும். எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் மலையேத்து வரை ஓட வேண்டும். இந்த மலரைப் படிக்கிறவர்களில் அவனைத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், போய்ச் சொல்லுங்கள்.

இயற்றியவர் தெரியவில்லை என்பதை அழித்துவிட்டு இப்படி எழுத வேண்டும். பால் அடி: கனகவல்லி. அவள் பேர் மேலே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. மற்ற எல்லா அடியும், மெட்டும், பம்பை, உடுக்கை, சிலம்பு, ஆர்மோனியம், துண்டுணே, குரல், அழைத்தது, அனுப்பியது: ஆரணி வேலாயுதம், கசார்வாடி.

என் பேரைச் சின்ன எழுத்தில் போட வேண்டாம். அவள் தேடி வரும்போது கண்ணில் பட வேண்டும்.